ஆயுதங்களுக்குக் காட்சிக்கூடம், கல்லறைகளுக்குப் புல்டோசரா?

யாழ்ப்பாணத்துக்கு ஏ-9 நெடுஞ்சாலையில் செல்வோர், ஆனையிறவில் சாலையோரமாக இரும்புத் தகடுகள் போர்த்திய புல்டோசர் ஒன்றைக் காணலாம். 1991 ஜூலையில் ஆனையிறவு ராணுவ முகாமைத் தாக்க விடுதலைப் புலிகள் கவச வாகனமாக மாற்றி அனுப்பிய வண்டி அது. கையெறி குண்டுகளுடன் அதன்மீது ஏறித் தடுத்து நிறுத்தி உயிரிழந்த சிப்பாய் காமினி குலரத்னவின் நினைவாக அது பாதுகாக்கப்படுகிறது.

தனது வீரனை ஓர் அரசு போற்றுவதில் தவறில்லை. ஆனால், உள்நாட்டுப் போரின் எச்சங்களில் எதைக் காப்பது, எதை அழிப்பது என்பதை வென்றவர் மட்டுமே முடிவு செய்யலாமா என்பதுதான் கேள்வி.

2009 மே மாதம் போர் முடிந்தபின், புலிகளிடமிருந்து கைப்பற்றப்பட்ட படகுகளும் பீரங்கிகளும் புதுக்குடியிருப்பில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பிரபாகரனின் நிலத்தடிப் பதுங்கு அறை தென்னிலங்கைச் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் இடமாயிற்று. 2013 அக்டோபரில் ராணுவமே அதைத் தகர்த்தது. மாவீரர் துயிலும் இல்லங்களோ காட்சிப் பொருளாகக்கூட விட்டுவைக்கப்படவில்லை. கோப்பாயில் கல்லறைகள் தரைமட்டமாக்கப்பட்டு, அதே இடத்தில் 2011-இல் ராணுவத்தின் 51-ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. துப்பாக்கிக்குக் கிடைத்த இடம், அதை ஏந்திய பிள்ளையின் கல்லறைக்குக் கிடைக்கவில்லை.

பிரிவினைவாதம் மீண்டும் தலைதூக்கும் என்பதே இதற்குக் கொழும்பு கூறிவரும் சமாதானம். அந்த அச்சத்தை அடியோடு புறந்தள்ள இயலாது. எனினும், கல்லறையை இடித்தால் நினைவு அழியும் என்பது அனுபவம் காட்டாத உண்மை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் 2021 ஜனவரி 8 அன்று இரவில் இடிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே, ஏப்ரலில் அது மீண்டும் எழுந்தது.

நைஜீரியா வேறு வழியைக் காட்டுகிறது. 1967 முதல் 1970 வரை நடந்த பயாஃப்ரா போரில் பிரிவினை கோரிய தரப்பு தோற்றது. ஆயினும், தோற்றவர்களின் மண்ணான உமுவாகியாவில் 1985-இல் தேசியப் போர் அருங்காட்சியகத்தை அந்நாட்டு அரசே திறந்தது. பயாஃப்ரா வானொலி இயங்கிய பதுங்கு அறையும், பயாஃப்ரா பொறியாளர்கள் உள்ளூரிலேயே உருவாக்கிய ஆயுதங்களும் அரசுத் தரப்பின் தளவாடங்களுடன் அங்கே இடம்பெற்றுள்ளன. ஈபோ மக்களின் மனக்குறை முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று கூற முடியாது. ஆனால், தோற்றவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை அரசு அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறது.

இலங்கையில் அத்தகைய காட்சியகம் அமையுமானால், தமிழர் தரப்பும் கசப்பான உண்மைகளை ஏற்க வேண்டியிருக்கும். 1990-இல் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கும், அதே ஆண்டு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையின்போது கொல்லப்பட்டவர்களுக்கும் அங்கே இடமிருக்க வேண்டும். புலிகளின் படையில் சேர்க்கப்பட்ட சிறார்களின் கதையையும் மறைக்கலாகாது.

இதில் இந்தியாவுக்கும் பங்குண்டு. 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் சென்ற வீரர்களில் சுமார் 1,200 பேர் திரும்பவில்லை. பரம்வீர் சக்ரா பெற்ற தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அவர்களில் ஒருவர். அப்படையை வெளியேறச் சொன்னவர் அன்றைய இலங்கை அதிபர் பிரேமதாசா. அதே இலங்கையின் பத்தரமுல்லையில், 2008-இல் அவ்வீரர்களுக்கு நினைவிடம் எழுப்பப்பட்டது. 2015-இல் பிரதமர் மோடி அங்கே அஞ்சலி செலுத்தினார். வெளியேறச் சொன்ன படைக்கே நினைவிடம் அமைக்க இசைந்த நாடு, தன் சொந்தக் குடிமக்களின் பெயர்களைப் பொறிக்கத் தயங்குவது ஏன்?

ராஜபட்ச அரசு நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவே, போரில் உயிரிழந்த அனைவரையும் தேசிய தினத்தில் தனி நிகழ்ச்சி நடத்தி நினைவுகூர வேண்டும் என்று 2011-இல் பரிந்துரைத்தது. அதைக் கொழும்புக்கு நினைவூட்டும் தகுதி தில்லிக்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் அருங்காட்சியகத்துடன் கூடிய கலாசார மையத்தை இந்தியா கட்டிக் கொடுத்துள்ளது. போரின் ஆவணங்களைத் திரட்டிக் காக்கும் பணிக்கும் அதே உதவிக்கரம் நீளலாம். தமிழக எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டிய கோரிக்கை இது.

2025-இல் யாழ்ப்பாணம் செம்மணிப் புதைகுழியிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. உடன் கிடைத்த துணிகளும், பள்ளிப் பையும், பொம்மையும் நீதிமன்ற அனுமதியுடன் ஆகஸ்டில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. காணாமற்போனவர்களைத் தேடும் குடும்பத்தினர் அடையாளம் காண வரிசையில் வந்தனர். அவர்கள் யார், எவரால் புதைக்கப்பட்டனர் என்பதை விசாரணை தீர்மானிக்கட்டும். ஆனால், ஆனையிறவின் கவச வண்டியைக் காக்கும் அக்கறையில் ஒரு பங்காவது அந்தப் பள்ளிப் பைக்கும் கிடைக்க வேண்டும். அதுவும் அந்தப் போர் விட்டுச்சென்ற எச்சம்தான்.