குளிர்கால விடுமுறை: எந்தக் கடற்கரை, எந்த வாரம்?



டிசம்பர் பிற்பகுதி தொடங்கிவிட்டால், டில்லியிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் வாழும் நம் குடும்பங்களுக்குக் குளிர் ஒரு பாடாகவே ஆகிவிடுகிறது. இரவு வெப்பநிலை 5, 6 டிகிரிக்கு இறங்குகிறது. பகலிலும் மூடுபனி விலகாத நாட்கள் உண்டு. தென்மாவட்டங்களில் பிறந்து வளர்ந்த உடல் இதற்கு எளிதில் பழகுவதில்லை. ஆகவே, பிள்ளைகளின் குளிர்கால விடுமுறையில் வெப்பமான ஒரு வெளிநாட்டிற்குக் குறைந்த செலவில் சென்று வர இயலுமா என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. அதே வீடுகளில் மற்றொரு கேள்வியும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் விடுப்பை இதற்குச் செலவிட்டால், ஊரில் காத்திருக்கும் பெற்றோரை எப்பொழுது காண்பது?

இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த வேண்டியதில்லை. எப்படியும் ஊருக்குச் செல்லப் போகிறீர்கள். அந்தப் பயணத்தோடு சேர்த்து, அங்கிருந்து அருகிலுள்ள ஒரு கடலோர நாட்டிற்குச் சென்று வருவதே நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஏற்ற வழியாகும்.

முதலில் காற்றைப் பாருங்கள்

வெப்பமான நாடு என்று கேள்விப்பட்டவுடன் பயணச்சீட்டு வாங்கிவிடக் கூடாது. நாட்டின் பெயரைவிட, அந்நாட்டின் எந்தக் கரைக்குச் செல்கிறோம் என்பதே முக்கியம். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இலங்கையின் திருகோணமலை, மட்டக்களப்பு முதலிய கிழக்குக் கரைப் பகுதிகள் மழையில் நனைகின்றன. அதே ஜனவரியில் நீர்கொழும்பு, பெந்தோட்டை, காலி, மிரிஸ்ஸ ஆகிய மேற்கு, தெற்குக் கரை ஊர்களில் வெயில் காய்கிறது; பகலில் 30 டிகிரி இருக்கும்.

மலேசியாவிலும் இவ்வாறே. கிழக்குக் கரையிலுள்ள பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் விடுதிகள் பெரும்பாலும் மூடப்பட்டிருக்கும். மேற்கிலுள்ள பினாங்கும் லங்காவியும் அக்காலத்தில் நல்ல நிலையில் இருக்கும். தாய்லாந்தில் புக்கெட், கிராபி ஆகியவற்றுக்கு இது ஏற்ற காலம். ஆனால் எதிர்ப்புறம் உள்ள சாமுய் தீவில் டிசம்பரிலும் மழை தொடர்வதுண்டு. பலரும் விரும்பும் பாலித் தீவுக்கோ இது மழைக்காலம். வியட்நாமின் ஹனோய் நகரம் ஜனவரியில் குளிர்ந்திருக்கும். குளிருக்குத் தப்பி ஓடுகிறவர்கள் அந்நாட்டின் தெற்குப் பகுதிக்கே செல்ல வேண்டும்.

ஊரிலிருந்தே புறப்படலாம்

சென்னை, திருச்சி, மதுரை ஆகிய நகரங்களிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானங்கள் உண்டு. ஒன்று முதல் ஒன்றரை மணி நேரப் பயணம். டில்லிக்குத் திரும்பி வந்து வெளிநாடு செல்வதைவிட இது உடலுக்கும் பணப்பைக்கும் இலகுவானது. இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. வயது சென்ற பெற்றோரால் நீண்ட நேரம் விமானத்தில் அமர முடியாமற் போகலாம். ஒரு மணி நேரம் அமர இயலும். இலங்கையில் பெயர்ப்பலகைகளில் தமிழ் இருக்கிறது. நீர்கொழும்பில் தமிழ் பேசுவோரும் பலர். பாஷை தெரியாத இடத்தில் பிள்ளைகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை அவர்களுக்கு நேராது.

நீர்கொழும்பு விமான நிலையத்திற்கு மிக அருகில் இருப்பதால் வாடகைக் காருக்கு அதிகம் செலவாகாது. கொழும்புக் கோட்டையிலிருந்து காலிக்குச் செல்லும் இரயில் நெடுந்தூரம் கடலை ஒட்டியே ஓடுகிறது; கட்டணமும் குறைவு. போர்த்துக்கீசியர் தொடங்கி டச்சுக்காரர் விரிவாக்கிய காலிக் கோட்டையை யுனெஸ்கோ 1988ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கோட்டை மதிலின்மேல் மாலையில் நடப்பதற்குக் கட்டணமில்லை. நுவரெலியாவுக்கு மட்டும் கம்பளி உடை தேவை. அங்கே இரவில் குளிர் கடுமையாக இருக்கும்.

இன்னும் சற்றுத் தூரம் செல்ல விரும்புவோர் திருச்சியிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூரை அடையலாம். அங்கிருந்து பேருந்திலோ இரயிலிலோ பினாங்கு செல்லலாம். இந்தியர் 30 நாட்கள் வரை விசா இன்றித் தங்க மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் அனுமதித்தது. இத்தகைய சலுகைகள் காலவரையறைக்கு உட்பட்டவை. ஆகவே எந்த நாடானாலும், சீட்டு வாங்குமுன் அந்நாட்டு அரசின் இணையதளத்தில் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வாரம்?

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையுள்ள வாரத்தில் விமானமும் விடுதியும் உச்ச விலையில் இருக்கும். நமக்கோ அந்நாட்களில் சபையை விட்டு வெளியே செல்ல மனமும் வராது. கிறிஸ்துமஸையும் புத்தாண்டு ஆராதனையையும் பெற்றோரோடு ஊரில் முடித்துக்கொண்டு, அதன்பின் ஜனவரி முதற்பாதியில் புறப்படுவதே நலம். டில்லிப் பள்ளிகளின் குளிர்கால விடுமுறையும் பெரும்பாலும் அப்பொழுதே வருகிறது. நவம்பர், டிசம்பர் தொடக்கம் வங்கக்கடலின் புயற்காலம் என்பதையும் மறவாதிருங்கள். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயல் இலங்கையில் பெருவெள்ளத்தையும் மண்சரிவையும் உண்டாக்கி, அநேகருடைய உயிரைப் பறித்தது.

செலவைக் கணக்கிடும் முறை

விளம்பரத்தில் காணும் விலை ஒருவருக்குரியது. நீங்கள் நால்வர் அல்லது அறுவர். மலிவுக் கட்டண விமானங்களில் பெரும்பாலும் 7 கிலோ கைப்பை மட்டுமே இலவசம். பெட்டி, இருக்கைத் தேர்வு, உணவு யாவும் தனிக்கட்டணம். வெளிநாட்டில் அட்டையைப் பயன்படுத்தினால் பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கின்றன. சுற்றுலாத் தொகுப்பு வாங்கும்போது வசூலிக்கப்படும் டி.சி.எஸ். வரியை உங்கள் வருமானவரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். அதற்குரிய சான்றைக் கேட்டுப் பெறுங்கள். சமையலறை உள்ள தங்குமிடம் கிடைத்தால் காலை உணவையாவது வீட்டு முறையில் முடித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் கூட்டி, அதோடு எதிர்பாராச் செலவுக்கு ஒரு பங்கும் சேர்த்துப் பாருங்கள். வரும் தொகை உங்கள் சேமிப்புக்குள் அடங்கவில்லையானால், இவ்வாண்டு கன்னியாகுமரியோ இராமேசுவரமோ போதும். அங்கும் கடல் இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. தவணைக் கடனில் மட்டும் போகாதிருங்கள். பயணம் ஆறு நாளில் முடிந்துவிடும். தவணையோ பன்னிரண்டு மாதமும் வாசலில் நிற்கும். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஏப்ரலில் அதன் பாரம் தெரியும்.

புறப்படுமுன்

பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டுகளுக்கே வழங்கப்படுவதால், தேதியைப் பார்க்கத் தவறாதிருங்கள். பெற்றோருக்குப் பாஸ்போர்ட் இல்லையானால், காவல்துறை விசாரணைக்கும் நாள் ஆகுமென்பதால் ஆகஸ்டிலேயே விண்ணப்பியுங்கள். அவர்களுக்குப் பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்னரே திறக்கப்படுகிறது. ஊருக்குச் செல்லும் தேதியை அதற்கேற்பக் குறித்துவையுங்கள். மூடுபனியால் டில்லி இரயில்களும் விமானங்களும் பல மணி நேரம் தாமதமாவதால், பள்ளி திறக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே திரும்பிவிடும்படி திட்டமிடுங்கள்.

இந்த வாரமே ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து, "ஜனவரியில் எங்களோடு கடல் பார்க்க வருகிறீர்களா?" என்று அப்பா அம்மாவிடம் கேளுங்கள். முதலில் வேண்டாம் என்பார்கள். செலவை நினைத்தே அப்படிச் சொல்லுவார்கள். மறுபடியும் கேளுங்கள்.