கேடயம் போதும், வழிச்செலவு கொடுப்போம்



ஆண்டு விழா வந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பது நம் வழக்கம். தேர்வில் முதலாவதாக வந்த பிள்ளைக்கு ஒரு கேடயம், ஓட்டத்தில் முந்திய பிள்ளைக்கு ஒரு கோப்பை. படிப்பு, ஆட்டம் இரண்டிலும் தேறிய பிள்ளைக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. வீட்டிலும் ஒன்பதாம் வகுப்பு முடிந்தால் "மட்டையைப் பரண்மேல் போடு" என்கிறோம். நாங்களும் அப்படிச் சொன்னவர்கள்தான்.

சென்னையில் விஷ்வா தீனதயாளன் என்று ஒரு பிள்ளை இருந்தான். டேபிள் டென்னிஸ் ஆட்டக்காரன். லயோலா கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டே தேசியத் தரவரிசைப் போட்டிகளில் பட்டங்களும், வெளிநாட்டில் பதக்கங்களும் வாங்கியவன். 17-4-2022 அன்று, 83ஆவது தேசிய சீனியர் போட்டிக்காக குவாஹாத்தியிலிருந்து ஷில்லாங்குக்கு மூன்று தோழர்களுடன் டாக்ஸியில் போனான். மேகாலயத்தில் எதிரே வந்த டிரெய்லர் லாரி சாலைத் தடுப்பைத் தாண்டி வந்து மோதியது. ஓட்டுநரும் போனார், விஷ்வாவும் போனான். தோழர்கள் காயத்தோடு தப்பினார்கள். அந்த மாதக் கடைசியில் ஆஸ்திரியாவில் இந்தியாவுக்காக ஆடவேண்டியவன். வயது 18.

கணக்குப் படித்த பிள்ளை. நம் கல்லாவில் உட்கார்ந்திருக்கக்கூடிய வயது. அவன் நினைவாகப் புதுவையில் ஒரு மாணவர் பரிசு ஏற்படுத்த வேண்டும் என்பது எங்கள் கருத்து. பெற்றோரின் சம்மதம் கேட்டே பெயர் வைக்க வேண்டும்.

"சென்னைப் பிள்ளைக்கு இங்கே ஏன்?" என்று சிலர் கேட்கலாம். நம் ஊர்ப் பிள்ளைகளும் இப்படித்தான் போகிறார்கள். விழுப்புரத்திலோ சென்னையிலோ ரயில் ஏறி, முன்பின் தெரியாத ஊரில் இறங்கி, கிடைத்த வண்டியில் மைதானம் போய்ச் சேருகிறார்கள். அவன் போன வழி அவர்களும் போகிற வழிதான்.

மகன் நினைவைப் பரிசாக நிறுத்தியவர்கள் நம் நாட்டில் முன்பே உண்டு. பம்பாயைச் சேர்ந்த பாரியா என்ற தந்தை, இறந்துபோன மகன் ரோஹிண்டன் பெயரில் பல்கலைக்கழகக் கிரிக்கெட்டுக்குக் கோப்பை கொடுத்தார். 1935-36இல் தொடங்கிய போட்டி அது. சுனில் கவாஸ்கர் மாணவராக ஆடியதும் அந்தக் கோப்பைக்காகத்தான். தந்தையும் இல்லை, மகனும் இல்லை. பெயர் நிற்கிறது.

ஆனால் நாம் கொடுப்பது கோப்பையாக மட்டும் இருக்க வேண்டாம். லாரியில் பருப்பு மூட்டை ஏற்றினால் சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுக்கிறோம். மூட்டை நனைந்தால்கூட நஷ்டஈடு கேட்கிறோம். வெளிமாநிலம் போகிற பிள்ளைக்கு என்ன எடுக்கிறோம்? ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு தருகிற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. அது 18 வயதிலிருந்து 70 வயது வரைதான். பள்ளிப் பிள்ளைகள் அதில் சேர முடியாது. காப்பீடு விபத்தைத் தடுக்காது, உண்மைதான். ஆனால் கையில் பணம் இருந்தால் நல்ல வண்டி பார்த்து ஏறலாம். அடிபட்ட பிள்ளையின் வைத்தியத்துக்கு யாரிடமும் கையேந்த வேண்டாம்.

ஆகவே பரிசு மூன்றாக இருக்கட்டும்: போட்டிக்குப் போய்வர வழிச்செலவு, ஓராண்டுக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு, பாடப் புத்தகச் செலவு. கேடயம் சிறியதாக இருந்தால் போதும். மதிப்பெண் பட்டியல், விளையாட்டுச் சான்றிதழ் இரண்டையும் பார்த்தே கொடுக்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலிடம். தேர்வு செய்வது ஆசிரியர்களாக இருக்கட்டும். உறுப்பினர் சிபாரிசு கூடாது.

பணத்துக்கு என்ன வழி? வணிகர்களாகிய நமக்கு இது புதிதல்ல. விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை, வியாபாரிகளின் மகமையாலும் வீட்டுக்கு வீடு எடுத்த பிடி அரிசியாலும் வளர்ந்தது. காமராசர் படித்த பள்ளி அது. ஒரு பிடி அரிசியில் ஒரு முதலமைச்சர் கிடைத்தார் என்றால் அதைவிட லாபமான முதலீடு எது?

நம்மில் 100 கடைக்காரர்கள் தலைக்கு 2,000 ரூபாய் போட்டால் 2 லட்சம். வங்கியில் வைத்து 7 சதவீதம் வட்டி வந்தால் ஆண்டுக்கு 14,000 ரூபாய். வட்டி இறங்கினால் பரிசைக் குறைத்துக்கொள்வோம். முதலைத் தொடக் கூடாது. விழாச் செலவுக்கோ பந்தலுக்கோ சால்வைக்கோ இதில் ஒரு காசு போகக் கூடாது. ஆண்டுதோறும் வரவு செலவை இந்த இதழிலேயே அச்சிட வேண்டும். அப்போதுதான் அடுத்தவர் தயங்காமல் கொடுப்பார்.

செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். எங்கள் பங்கான 2,000 ரூபாய்க்கு முதல் ரசீதைப் போடலாம்.