கையெழுத்துப் போட்டுட்டுப் போ தாயி

பணக்கார வீட்டு மகளுக்கு என்ன குறை என்று கேட்கிறார்கள். சொல்கிறேன்.

திசையன்விளையில் எங்கள் அப்பாவுக்குத் தேரி ஓரமாகப் பூர்வீகப் பனை விளை, முருங்கைத் தோட்டம், அது போகச் சென்னையில் மளிகைக் கடை. கழுத்து நிறைய நகை போட்டுத்தான் கட்டிக் கொடுத்தார்கள். அந்த நகை எங்கே என்று யாராவது கேட்டீர்களா? வீட்டுக்காரர் கடை வைக்கப் போனது, கடை நொடித்துக் கடனடைக்கப் போனது. என் பேரில் போட்டதை நானா அனுபவித்தேன்?

1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டார்கள். 1989-ல்தான் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதுவும் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவளுக்குக் கிடையாதாம். நான் அதற்கு முந்தியே தாலி கட்டிக்கொண்டவள். அது என் குற்றமா? 2005 செப்டம்பர் 9 முதல் அந்தத் தடையும் போனது. கட்டிக்கொடுத்த மகளுக்கும் பங்குண்டு என்றது டெல்லிச் சட்டம்.

அந்தச் சேதி எனக்கு எட்டுமுன் அண்ணன்மாருக்கு எட்டிவிட்டது. அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு விடுதலைப் பத்திரத்தை நீட்டினார்கள். "சும்மா பேருக்குத்தான் தங்கச்சி." படித்துப் பார்க்கிறேன் என்றேன். மைனி முகம் மாறியது. "எங்களை நம்பலையா?" அம்மா என் கையைப் பிடித்தாள். "கையெழுத்துப் போட்டுட்டுப் போ தாயி. பொறந்த வீட்டு வாசல் வேணும்லா?"

போட்டேன். வாசல் திறந்தா இருந்தது? அம்மா படுக்கையில் கிடந்தபோது எனக்குச் சொல்லிவிடக்கூட ஆள் இல்லையே!

விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் கரோலின் நார்ட்டன் என்று ஒரு பெரிய வீட்டுப் பெண். அவள் எழுதிச் சம்பாதித்த காசும் புருஷனுக்கே என்றது அந்த நாட்டுச் சட்டம். மூன்று மகன்களையும் அவன் பிரித்துக் கொண்டுபோனான். 1842-ல் கடைசிப் பையனுக்கு முடியவில்லை என்று கேட்டு ஓடினாள். போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. பெற்றவளுக்கு அந்த முகத்தை உயிரோடு பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கட்டிக்கொண்டவளின் சொத்து அவளுக்கே என்ற முழுச் சட்டம் அங்கே 1882-ல் வந்தது. 1877-லேயே அவள் கண்ணை மூடிவிட்டாள்.

அவளைக் கட்டிப்போட்டது சட்டம். எனக்குத்தான் சட்டம் இருந்ததே! என் கையைக் கட்டியது யார்? கூடப் பிறந்தவர்கள்தானே? பாசம் என்று பேர் சொல்லித்தானே?

அதே விக்டோரியா காலத்தில்தான் எங்கள் பக்கத்து இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலிசா அம்மாள் பெண்பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். எத்தனை வீட்டு வசவைத் தாண்டி இந்தச் சீமைப் பெண்கள் பள்ளிக்கூடம் போனோம்! எதற்கு? கைநாட்டு வைக்காமல், அழகாகக் கையெழுத்துப் போட்டு எங்கள் பங்கை எழுதிக் கொடுக்கவா?

கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே என்கிறீர்கள். பதிவான பத்திரத்தை, மிரட்டி வாங்கினார்கள் என்று நான் எதைக் காட்டி நிரூபிப்பேன்? யாரும் கத்தியைக் காட்டவில்லையே. அம்மா அழுதாள். அதற்கு எந்தக் கோர்ட்டில் சாட்சி?

முத்திரைத்தாளை வாங்கி வைத்துக்கொண்டு தங்கச்சிக்குப் போன் போடுகிற அண்ணன்மாரே, கையெழுத்து வாங்குகிறதற்கு முன் அந்தப் பத்திரத்தை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எத்தனை ஏக்கர், என்ன விலை போகும், அவள் பங்கு எவ்வளவு என்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். பெற்றவளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். அப்புறம் பேனாவை அவள் கையில் கொடுங்கள். முடியுமா உங்களால்?