அழகா இருக்குன்னு சொல்லிட்டு மார்க்கைக் குறைச்சா எப்படி?

முன்குறிப்பு: இது வீடியோ கேம் பற்றிய பதிவு. "அடுத்த வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை, இவனுக்கு இப்ப இது தேவையா?" என்று கேட்கப்போகும் என் வகுப்பு மக்களே, கொஞ்சம் பொறுங்கள். காஸ்டிங்கும் உள்ளே வருகிறது.

போன வருடம் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த பெரியப்பா பையன், தான் விளையாடி ஓய்ந்த பழைய வீ யூ ஒன்றை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அது அமெரிக்க அடாப்டர், நம்ம ஊர் கரண்டில் நேராகச் செருகினால் அவ்வளவுதான் என்று கூடவே ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரும் கொடுத்தார். (கருவியைவிட அதுதான் கனம்.) அத்தோடு மூன்று டிஸ்க். அதில் ஒன்று 'கிர்பி அண்ட் தி ரெயின்போ கர்ஸ்'.

ஒரு வாரம் விளையாடினேன். சொக்கிப் போனேன். அப்புறம் ஒரு தப்புச் செய்தேன். அது வெளிவந்த காலத்தில் விமர்சகர்கள் என்ன எழுதினார்கள் என்று நெட்டில் தேடிப் படித்தேன். அன்றைக்கு ஏறிய பி.பி. இன்னும் இறங்கவில்லை. அதன் விளைவுதான் நீங்கள் படித்துக்கொண்டிருப்பது.

தெரியாதவர்களுக்குச் சின்னதாக ஒரு அறிமுகம். கிர்பி என்பது ரோஸ் கலரில் ஒரு உருண்டை. 1992-ல் கேம் பாயில் பிறந்தது. செய்தது ஹால் லேபரட்டரி, வெளியிட்டது நிண்டெண்டோ. மாரியோ மாதிரி ஓடித் தாவி எதிரிகளைத் தாண்டிப் போகும் வகை. ஆனால் இந்த ரெயின்போ கர்ஸில் ஓட்டமும் இல்லை, தாவலும் இல்லை. கிர்பி பந்தாகச் சுருண்டு உருள்கிறது. நீங்கள் கேம்பேடின் தொடுதிரையில் ஸ்டைலஸால் கோடு போடுகிறீர்கள். கோடு வானவில் கயிறாக மாறுகிறது. கிர்பி அதன்மேல் ஏறிப் போகிறது. கிர்பியைத் தட்டினால் ஒரு பாய்ச்சல். அவ்வளவுதான் சங்கதி. 2015 ஜனவரியில் ஜப்பானிலும் பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வந்தது. மே மாதம் ஐரோப்பாவுக்குப் போனபோது பெயரை 'ரெயின்போ பெயின்ட்பிரஷ்' என்று மாற்றிவிட்டார்கள்.

இதில் இன்னொரு விசேஷம், எல்லாமே களிமண். கிர்பி, எதிரிகள், மரம், மலை எல்லாம் யாரோ கையால் பிசைந்து வைத்த மாதிரி இருக்கும். களிமண் பொம்மைப் படங்களில் பொம்மைகள் லேசாக விட்டு விட்டு அசையுமே, அதே மாதிரி இதிலும் உருவங்களை வேண்டுமென்றே அப்படி அசைய விட்டிருக்கிறார்கள். பார்த்தால் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

விமர்சகர்களும் இதையெல்லாம் ஒப்புக்கொண்டார்கள். கொள்ளை அழகு என்று எழுதாத ஆள் குறைவு. ஆனால் மார்க் போடும்போது பலரும் கையைச் சுருட்டிக்கொண்டார்கள். இதே வகையில் 2005-ல் டி.எஸ்.-க்கு வந்த 'கேன்வாஸ் கர்ஸ்' சராசரியாக எண்பது சொச்சம் வாங்கியது. இதற்கு எழுபது சொச்சம். ஏன் என்று அவர்கள் சொன்னதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குற்றச்சாட்டு 1: ரொம்பக் குட்டி ஆட்டம், சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

இங்கேதான் காஸ்டிங் வருகிறது. ஏழு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம், மொத்தம் 28. அமெரிக்காவில் 39.99 டாலருக்கு விற்றார்கள். அப்போது பெரிய ஆட்டங்களின் வழக்கமான விலை 59.99. அதாவது சின்ன ஆட்டம் என்று தெரிந்தே மூன்றில் ஒரு பங்கு குறைத்துத்தான் விலை வைத்தார்கள். இருந்தும் விமர்சகர்கள் மனதுக்குள் ஒரு கால்குலேட்டர். விலையை மணியால் வகு, மணிக்கு எத்தனை டாலர் என்று பார், மார்க் போடு.

யூனிட் காஸ்டிங் எங்கே செல்லும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு யூனிட்டும் மற்றதைப் போலவே இருக்கும் இடத்தில்தான் செல்லும். செங்கல், சிமென்ட் மூட்டை, நிலக்கரி. ஒரு மூட்டைக்கும் இன்னொரு மூட்டைக்கும் வித்தியாசம் இல்லை, அதனால் வகுக்கலாம். ஆட்டத்தின் ஒரு மணி நேரமும் இன்னொரு மணி நேரமும் அப்படியா? ஒரே குகையில் ஒரே பூதத்தை நாற்பது தடவை வெட்டுகிற மணியும், ஒவ்வொரு கட்டத்திலும் புதுசாக ஒன்று காட்டுகிற மணியும் ஒன்றா? இந்த ஆட்டத்தில் தண்ணீருக்குள் போனால் கிர்பி மிதக்கிறது. அதனால் கோட்டைக் காலுக்குக் கீழே போடாமல் தலைக்கு மேலே போட்டு அமுக்க வேண்டும். இன்னொரு இடத்தில் அதே கோட்டால் களிமண்ணைக் குடைந்து வழி வெட்ட வேண்டும். சில கட்டங்களில் கிர்பி டாங்கி ஆகிறது, நீர்மூழ்கி ஆகிறது, ராக்கெட் ஆகிறது. ஒரே ஒரு பேனாவை வைத்துக்கொண்டு இத்தனை. இதை மணிக்கணக்கில் நிறுக்கிறவன் மல்லிகைப் பூவை மூட்டைக் கணக்கில் விலை பேசுகிறவன்.

குற்றச்சாட்டு 2: கிர்பி நம் கட்டுப்பாட்டில் இல்லை.

அட, அதுதானே ஆட்டமே! ஊரில் டயர் ஓட்டியிருக்கிறீர்களா? பழைய சைக்கிள் டயர், கையில் ஒரு குச்சி. டயருக்கு ஹேண்டில்பார் உண்டா, பிரேக் உண்டா? தட்டுகிறோம், அணைகிறோம், கூடவே ஓடுகிறோம். அது போகிற போக்கை நாம் யோசித்து முந்திக்கொள்ள வேண்டும். இதுவும் அப்படித்தான். கிர்பியை ஓட்டுவது உங்கள் வேலை இல்லை, கிர்பிக்குப் பாதை போடுவதுதான் வேலை. மையும் அளவோடுதான் கிடைக்கும், இஷ்டத்துக்கு இழுத்தால் தீர்ந்து போய், திரும்ப ஊறும்வரை முழித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 'கட்டுப்பாடு இல்லை' என்று எழுதியவர்கள் டயர் வண்டிக்கு ஸ்டியரிங் கேட்கிறார்கள்.

இதில் எனக்குச் சொந்தமாகவும் ஒரு கோபம் உண்டு. என் தங்கச்சி பத்தாவது படிக்கிறாள். கன்ட்ரோலர் என்றாலே ஆகாது. இரண்டு குச்சி, நாலு பக்கம் பட்டன், எதை எப்போது அமுக்குவது என்று தெரிவதற்குள் செத்துப் போவாள். நாங்கள் சிரிப்போம். அதனால் கேம் என்றாலே அவள் அந்தப் பக்கம் வர மாட்டாள். அவளிடம் இந்த ஸ்டைலஸைக் கொடுத்தேன். கோலம் போடுகிற கை. இழுத்தாள் பாருங்கள் கோடு! மூன்றாவது நாள் என்னைவிட நன்றாக விளையாடினாள். விமர்சகர்கள் எல்லோரும் பத்திருபது வருடம் கன்ட்ரோலரோடு புழங்கியவர்கள். அவர்களுக்குப் பேனா என்பது ஒரு குறை. பேனா பிடிக்க மட்டுமே தெரிந்தவர்களுக்கு அது ஒரு வாசல். அந்த வாசலுக்கு யாரும் மார்க் போடவில்லை.

குற்றச்சாட்டு 3: பழைய ஆட்டத்தையே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் பாதி நியாயம். 'கேன்வாஸ் கர்ஸில்' எதிரியின் சக்தியைக் கிர்பி கவர்ந்துகொள்ள முடியும், இதில் முடியாது. ஏன் எடுத்தார்கள் என்று எனக்கும் புரியவில்லை. கடைசியில் வரும் பெரிய எதிரிகளில் சிலர் கொஞ்சம் வேஷம் மாற்றித் திரும்பவும் வருகிறார்கள். சோம்பேறித்தனம்தான், வக்காலத்து வாங்க மாட்டேன். அமீபோ பொம்மையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி வைத்தால் கிர்பிக்குக் கூடுதல் சக்தி, அதுவும் ஒரு பொம்மைக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. இதற்கெல்லாம் மார்க் குறைத்தால் சரி.

குற்றச்சாட்டு 4: கேம்பேடையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. டிவியில் தெரியும் களிமண் அழகு வீண்.

இதுதான் பெரிய குற்றச்சாட்டு. முதலில் ஒரு வேடிக்கை. கேம்பேடு என்ற இந்த இரண்டாவது திரையை நிண்டெண்டோ 2012-ல் விற்க ஆரம்பித்ததிலிருந்து, இதற்கென்று உருப்படியாக ஒரு ஆட்டம் இல்லையே என்பதுதான் ஊர்ப் புலம்பல். முழுக்க முழுக்க அதை நம்பி ஒரு ஆட்டம் வந்ததும், ஐயோ அதையே பார்க்க வேண்டியிருக்கிறதே என்று அடுத்த புலம்பல்.

ஆனாலும் தனியாக விளையாடினால் புகார் உண்மை. கேம்பேடின் திரை 6.2 அங்குலம், 854-க்கு 480 புள்ளிகள். கோடு போடுகிறவன் கண்ணை அங்கிருந்து எடுக்க முடியாது. பக்கத்தில் பெரிய டிவியில் அதே காட்சி பளபளவென்று ஓடும், பார்க்க நாதி இருக்காது. நானும் முதல் வாரம் இப்படித்தான் விளையாடினேன்.

அப்புறம் தங்கச்சி வந்தாள். கேம்பேடு அவள் கைக்குப் போனது. நான் வீ ரிமோட்டை எடுத்துக்கொண்டு வாடில் டீயாக நுழைந்தேன் (கையில் ஈட்டியோடு வரும் கிர்பியின் தோழன், மூன்று பேர் வரை இப்படிச் சேரலாம்). வாடில் டீ சாதாரணமாக நடக்கும், குதிக்கும், கிர்பியைத் தூக்கிக்கொண்டும் ஓடும். அவள் குனிந்து கோடு போடுகிறாள், நான் நிமிர்ந்து டிவியைப் பார்த்து அந்தக் கோட்டின்மேல் ஓடுகிறேன். அன்றைக்குத்தான் அந்தக் களிமண்ணை முழுசாகப் பார்த்தேன். சமையல்கட்டிலிருந்து வந்த அம்மா தோசைக் கரண்டியோடு நின்று பார்த்தார்கள். "யார்டா இதெல்லாம் பிடிச்சு வச்சது?" என்றார்கள்.

டிவி வீண் இல்லை, விமர்சகரே. நீங்கள் தனியாக உட்கார்ந்திருந்தீர்கள். கெடு தேதிக்குள் தனி அறையில் முடித்து எழுத வேண்டியது உங்கள் தொழில், அதில் தப்பில்லை. ஆனால் பல்லாங்குழியை ஒற்றை ஆளாக ஆடிவிட்டு, எதிர்ப் பக்கத்துக் குழிகள் வீண் என்று எழுதலாமா?

சரி, பத்து வருடத்துக்கு முந்தைய மார்க்குக்கு இப்போது ஏன் இந்தக் குதி? காரணம் இருக்கிறது. வீ யூ மொத்தமே 1 கோடியே 35 லட்சம் சொச்சம்தான் விற்றது. டி.எஸ். விற்றது 15 கோடிக்கும் மேல். 2017 ஜனவரியில் வீ யூ உற்பத்தியை நிறுத்தினார்கள். 2023 மார்ச்சில் அதன் இணையக் கடையை மூடினார்கள். ரெயின்போ கர்ஸ் அடுத்து வந்த ஸ்விட்சுக்கு மாற்றப்படவே இல்லை. இன்றைக்கு யாராவது ஆசைப்பட்டால் பழைய கருவி, பழைய டிஸ்க் என்று தேடி அலைய வேண்டும். ஆட்டம் கைக்கு எட்டாது. மார்க் மட்டும் ஒரு தேடலில் கிடைக்கும். படிக்கிறவன் 'ஓ, அழகு மட்டும்தான் போல' என்று தாண்டிப் போவான். விளையாடிப் பார்த்து மறுக்க அவனுக்கு வழியே இல்லை. திரையரங்கை விட்டுப் போன படத்தை டிவியில் பார்த்து, விமர்சனம் தப்பு என்று சொல்லலாம். இங்கே மேல்முறையீட்டுக்குக் கோர்ட்டே இல்லை, தீர்ப்பு மட்டும் நிற்கிறது.

அதனால் மறுப்பு ஒன்றாவது பதிவாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அழகு என்று எழுதிவிட்டு 'ஆனால்' போடுகிறவர்கள், அந்த 'ஆனால்' யாருடைய கையை, யாருடைய வீட்டை வைத்துப் போடப்படுகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

டிஸ்கி: நேற்று ராத்திரியும் தங்கச்சிதான் கோடு போட்டாள். நான் ஈட்டியோடு பின்னால் ஓடினேன். காஸ்டிங் புத்தகம் டிரான்ஸ்பார்மர் மேல் திறந்தபடி சூடாக இருந்தது. தோழர்களே, யாராவது நோட்ஸ் கொடுங்கப்பா.