இருகண்நோக்கி: பெரிதாகக் காட்டுவதா, தெளிவாகக் காட்டுவதா?

“எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?” இருகண்நோக்கி வாங்கச் செல்லும் நம் மாணவர்கள் கடையில் கேட்கும் முதற்கேள்வி இதுதான். பேச்சு வழக்கில் பைனாகுலர் என்று நாம் சொல்லும் இக்கருவியை விற்பவருக்கும் இந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். ‘நூறு மடங்கு’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட மலிவுக் கருவிகள் பசார் மாலாமிலும் இணையத்திலும் விலைபோவதற்கு அதுவே காரணம். ஆனால், பறவைகளையும் விண்மீன்களையும் ஒரே கருவியால் பார்க்க விரும்பும் மாணவர் கேட்க வேண்டியவை வேறு: எவ்வளவு ஒளியைக் கண்ணுக்குள் கொண்டுவரும்? என் கையில் ஆடாமல் நிற்குமா?

ஒவ்வொரு கருவியின்மீதும் 8×42, 7×50, 10×25 என இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் உருப்பெருக்கத்தைக் குறிக்கும். இரண்டாவது எண் முன்புற வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 7×50 கருவியில் அது ஏறத்தாழ 7 மி.மீ.; 8×42இல் 5.25, 10×25இல் வெறும் 2.5. இருட்டில் இளைஞர்களின் கண்மணி ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏற அது குறையும். பகல் வெளிச்சத்திலோ கண்மணி 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அதனால்தான் பகலில் கடை வாசலில் சோதித்துப் பார்ப்பவருக்குச் சின்னக் கருவியின் குறை தெரிவதில்லை. அந்தி சாய்ந்த பிறகுதான் சாயம் வெளுக்கும்.

இந்தக் கணக்கைச் சித்தியவானில் வைத்துப் பார்ப்போம். அவ்வூர் கடைவீடுகளின் மேல்மாடிகள் பலவற்றில் இன்று உழவாரன்கள் குடியிருக்கின்றன. மாலையில் அவை கூட்டுக்குத் திரும்பும் வேகத்தைக் கண்டவர்களுக்கு, பன்னிரண்டு மடங்குக் கருவி ஏன் உதவாது என்று விளக்க வேண்டியதில்லை. உருப்பெருக்கம் கூடக் கூடப் பார்வைப் பரப்பு குறுகும். பறவையைக் கருவிக்குள் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். கையின் நடுக்கமும் அதே அளவுக்குப் பெருகும். பத்து மடங்குக்கு மேற்பட்ட கருவியைத் தாங்கி இல்லாமல் ஆடாமல் பிடிப்பது கடினம்.

ஊரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்கு வருவோம். எலிகளைக் கட்டுப்படுத்தச் செம்பனை மரங்களிடையே கூண்டு வைத்துக் கூகைகளை வளர்ப்பது நம் நாட்டுத் தோட்டங்களில் பல்லாண்டு வழக்கம். கூகை அலறினால் ஆகாது என்று நம்மவர் அஞ்சிய பறவை தோட்டத்தின் காவலாளியாகிவிட்டது! அது கூண்டைவிட்டு வெளிவருவது பொழுது சாய்ந்த பின்னர்தான். 42 மி.மீ. வில்லை 25 மி.மீ. வில்லையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு ஒளியை வாங்கும். கூகையின் முகம் தெரிவதும் வெறும் நிழல் தெரிவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. லுமுட்டில் படகேறிப் பங்கோர் தீவுக்குப் போனால் தெலுக் நிப்பாவில் இருவாட்சிகளைக் காணலாம். மரநிழலில் அமரும் அவற்றுக்கும் ஒளிதான் முக்கியம்.

இரவு வானத்திற்கும் இதே விதிதான். சித்தியவான் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 4 பாகையில் இருப்பதால், ஏப்ரல், மே மாத இரவுகளில் வடக்கே எழுமீனையும் தெற்கே திரிசங்கையும் ஒருசேரக் காணும் பேறு நமக்குண்டு. கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறேழு மீன்கள். 8×42 கருவியில் பல பத்து. சுவரில் சாய்ந்து கையை நிலைநிறுத்திக்கொண்டால், கலிலியோ 1610இல் கண்ட வியாழனின் நான்கு நிலவுகளையும் காணலாம். சனியின் வளையம் மட்டும் இதில் பிரிந்து தெரியாது. அதற்குத் தொலைநோக்கி வேண்டும். எந்தக் கருவியானாலும் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது, கண்பார்வை போய்விடும்.

விண்மீன்களை மட்டுமே பார்ப்பவர் 7×50 வாங்கலாமே என்று கேட்கலாம். இருள் சூழ்ந்த இடமானால் அது நல்ல தேர்வே. ஆயினும் அது கனமானது. ஊர் விளக்குகளால் வெளுத்த வானத்தை இன்னும் வெளுப்பாகக் காட்டும். கோலா குலாவின் சேற்றுப் பரப்பில் தொலைவில் நிற்கும் வலசைப் பறவைகளைப் பார்ப்பவருக்கு 10×42 உதவும். இரண்டு ஆசைகளும் உள்ள, ஒன்றே வாங்கக்கூடிய மாணவருக்கு 8×42 என்பதே என் முடிவு. நம் ஈரக்காற்றில் வில்லைகளில் பூஞ்சை படரும் என்பதால், நைட்ரஜன் நிரப்பி நீர்புகாமல் மூடிய கருவியாகப் பாருங்கள். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் இட்டு வையுங்கள். மூக்குக்கண்ணாடி அணிவோர், கண்ணை 15 மி.மீ.க்குக் குறையாத தொலைவில் வைத்தும் முழுக்காட்சி தெரிகிறதா என்று கேட்டு வாங்குங்கள். இவ்வளவும் உள்ள நல்ல கருவி சில நூறு ரிங்கிட்டுக்குள் கிடைக்கிறது.

ஒரு கருவிக்கு இத்தனை பேச்சா என்று சிலர் நினைக்கக்கூடும். விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பிய நம் பாட்டன் பாட்டிமார், இருட்டு வானத்தின் கீழும் பறவைக் குரல்களுக்கிடையிலும் வாழ்ந்தவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபோது லயங்களை மட்டுமா விட்டுவந்தோம்? உழவாரன், கூகை, இருவாட்சி, கேட்டை என்னும் சொற்களையும் விட்டுவந்தோம். இவை அகராதியில் இருந்தால் மட்டும் போதாது. பொருளைக் கண்ணால் கண்டவர் வாயில்தான் சொல் வாழும். மொழிக்காகக் கழகம் நடத்தும் நமக்கு இது பொழுதுபோக்குச் செய்தியன்று.

ஆகவே, ஒவ்வொரு தமிழ்மொழிக் கழகமும் இரண்டு 8×42 கருவிகளை வாங்கி, நூலகப் புத்தகம்போல் உறுப்பினர்களுக்கு இரவல் தரட்டும். விடுமுறையில் ஊருக்கு எடுத்துச்செல்பவர் கண்ட பறவையையும் விண்மீனையும் நாளும் இடமும் குறித்துத் தமிழ்ப் பெயரோடு ஒரு குறிப்பேட்டில் எழுதித் திருப்பித் தரட்டும். முன்னாள் மாணவர்கள் மனம்வைத்தால் இதற்கான செலவு ஒரு விருந்துச் செலவைக்கூடத் தாண்டாது. அடுத்த ஆண்டு மலரில் அந்தக் குறிப்பேட்டிலிருந்து நான்கு பக்கம் அச்சேறுமானால், அது நம் கழகம் செய்த உருப்படியான தமிழ்ப்பணிகளில் ஒன்றாக இருக்கும்.