ரெஃப்யூஜியா, மைக்ரன்ட்டா?

கடல் கடந்து கரையேறுகிறவரை ஆங்கில நாளேடுகள் ஒரு நாள் ‘ரெஃப்யூஜி’ என்கின்றன, மறுநாளே ‘மைக்ரன்ட்’ என்கின்றன. இரண்டும் ஒன்றல்ல. முன்னது சட்டச் சொல். இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றின் பேரில் துன்புறுத்தப்படுவோம் என அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறியவர் என்று 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை வரையறுக்கிறது; ஆபத்துள்ள இடத்துக்கே அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது அதன் 33ஆவது பிரிவு. பின்னது, வேலைக்கோ படிப்புக்கோ இடம்பெயர்ந்த எவருக்கும் பொருந்தும். மத்தியதரைக் கடலைக் கடந்து வருகிறவர்களை இனி ‘மைக்ரன்ட்’ என்று எழுதப்போவதில்லை என அல் ஜசீரா ஆங்கிலப் பிரிவு 2015இல் அறிவித்தது. சரியான முடிவு. சிரியாவின் குண்டுவீச்சுக்குத் தப்பி, கைக்குழந்தையோடு ரப்பர் படகில் ஏறியவளை வேலை தேடி வந்தவள் என்று எழுதுவது அநியாயம். அவளைத் திருப்பி அனுப்ப நினைக்கும் அரசுக்கு அந்தச் சொல்லே வழிவிட்டுக் கொடுக்கிறது.