பாலத்தில் ஒரு பத்மினி

"பத்மினியை ராத்திரி எங்கே நிறுத்தப் போறீங்க?" என்று என் மனைவி உரத்த குரலில் கேட்டபோது எதிர் ஃப்ளாட்டில் டி.வி. சத்தம் சட்டென்று குறைந்தது. அவர்கள் நினைத்த மாதிரி எதுவும் இல்லை. பத்மினி என்பது அப்பா எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து. 1978 மாடல் பிரீமியர் பத்மினி கார். 1089 சி.சி., ஸ்டியரிங்கை ஒட்டி கியர், நாலே நாலு கியர். சந்தன கலர். சில கதவுகள் வெளியிலிருந்து திறக்கும், சில உள்ளிருந்து. எது எது என்று எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

தேதி 2024 அக்டோபர் 14. வங்காள விரிகுடாவில் தாழ்வுப் பகுதி. 'ரெட் அலர்ட்' என்று செய்தி வந்த மாத்திரத்தில் வேளச்சேரி முழுக்க கார் சாவியைத் தேட ஆரம்பித்தது. வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். மற்ற ஊர்களில் மழை வந்தால் குடை எடுப்பார்கள். எங்கள் ஊரில் காரை எடுத்துக்கொண்டு போய் மேம்பாலத்தில் நிறுத்துவார்கள்.

சிரிக்காதீர்கள். 2015 டிசம்பரில் பட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி பட்டோம். அந்தப் புயல் கரையைக் கடந்தது என்னவோ ஆந்திராவில், பாபட்லா பக்கத்தில். போகிற வழியில் சென்னைக்குக் கொட்டிவிட்டுப் போனதுதான் எங்கள் பங்கு. மழை நின்றும் தண்ணீர் நாள்கணக்கில் நகரவில்லை. நகர வழி? வேளச்சேரியே ஏரி. அது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகவேண்டும், அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், அப்புறம்தான் கடல். புயல் நேரத்தில் கடலே பொங்கி நின்றால் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. சதுப்பு நிலத்தில் பாதி இடத்தில் நம்மைப் போன்ற கனவான்கள் இ.எம்.ஐ.யில் குடியிருக்கிறோம். தண்ணீர் தன் பழைய விலாசத்துக்கு வருகிறது, அவ்வளவுதான்.

இதில் நாம் மட்டும் இல்லை என்பது ஒரு ஆறுதல். இங்கே புயல், அமெரிக்காவில் ஹரிகேன், ஜப்பானில் டைஃபூன்; பெயர்தான் வேறு, சுழி ஒன்றே. 2022-ல் இயன் என்ற ஹரிகேன் ஃபுளோரிடாவில் அடித்தபோது, நேப்பிள்ஸ் என்ற ஊரில் ஒருவர் புதிதாக வாங்கிய மக்லாரன் பி1 கார், கராஜிலிருந்து மிதந்து தெருவுக்கு வந்துவிட்டது. விலை பத்து லட்சம் டாலருக்கு மேல்! 2024-ல் ஹெலீன் வந்தபோது, பேட்டரி கார்களைக் கராஜிலிருந்து எடுத்து மேட்டில் நிறுத்தச் சொல்லி எச்சரித்தார்கள். உப்புத் தண்ணீர் பட்ட லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கலாம். கோடீஸ்வரனுக்கும் மேடு வேண்டும், குமாஸ்தாவுக்கும் மேடு வேண்டும்.

2015-ல் பத்மினி சீட் வரை முழுகினாள். தண்ணீர் வடிந்ததும் நான் சாவியோடு பாய்ந்தேன். அப்பா அந்த வயதிலும் ஒரு கத்து கத்தினார்: "சாவியைத் தொடாதேடா!"

கீழ் ஃப்ளாட்காரர் அப்பா பேச்சைக் கேட்கவில்லை. தன் புதுக் காரை ஸ்டார்ட் செய்தார். ஒரே ஒரு 'டக்'. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 'நனைந்ததற்குப் பணம் உண்டு, நனைந்த வண்டியை நீங்கள் ஸ்டார்ட் செய்ததற்கு இல்லை' என்று இன்ஷூரன்ஸில் கைவிரித்தார்கள். எஞ்சினுக்குத் தனியாக ஒரு பாதுகாப்பு பாலிசி உண்டு என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கும்.

பத்மினிக்கு மெக்கானிக் வந்தார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரைத் துப்பவைத்தார். ஆயில், டீக்கடை டீ கலரில் வந்தது. மாற்றினார். கார்புரேட்டரைக் கழுவி, டிஸ்ட்ரிபியூட்டரைக் காயவைத்து... ஐந்தாம் நாள் இருமிக்கொண்டே எழுந்துவிட்டாள். "இதுல கம்ப்யூட்டர் கிடையாது சார், அதான் பொழச்சுது" என்றார் மெக்கானிக். அப்பா கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். ஊரே சேறாக இருந்தபோது தூசி எங்கே இருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

இப்போது அப்பா இல்லை. அதனால்தான் இந்தத் தடவை முழுகவிடக் கூடாது என்று தீர்மானமாக இருந்தேன்.

எங்கள் அசோசியேஷனும் அன்று மின்னல் வேகம். நாற்பது நிமிஷ மீட்டிங். பூந்தொட்டிகளை உள்ளே எடுப்பது, மொட்டைமாடித் தொட்டியை நிரப்பிவைப்பது (காலித் தொட்டி காற்றில் பறக்கும்), லிஃப்டை மேல் மாடியில் நிறுத்தி ஸ்விட்சை அணைப்பது, தரைத்தளப் பாத்ரூம் ஓட்டையில் மணல் மூட்டை, பத்திரங்களுக்குப் பிளாஸ்டிக் பை என்று முதல் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ஜன்னல் கண்ணாடிக்குக் குறுக்கே டேப் ஒட்டலாமா என்றார் ஒருவர். அது வீண்வேலை, கண்ணாடியைக் காப்பாற்றாது என்று உட்காரவைத்தோம். மிச்சம் முப்பத்தைந்து நிமிஷம் எந்தக் கார் எந்தப் பாலத்தில் என்பதற்கு. செக்ரெட்டரி லிஸ்ட் போட்டார். இருபத்திரண்டு வண்டிகள், நம்பரோடு.

ராத்திரி பதினொன்றுக்கு பத்மினி கிளம்ப மறுத்தாள். வாட்ச்மேன் அண்ணன்தான் தள்ளினார். தெருமுனை வரை தள்ளி, எஞ்சின் உறுமியதும் ஓடிவந்து ஏறிக்கொண்டார். பாலத்தின் ஓரத்தில் ஆம்புலன்ஸுக்கு வழி விட்டு நிறுத்தினோம். ஹேண்ட் பிரேக் போடவில்லை, ஈரத்தில் இறுகிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல். பேட்டரி ஒயரைக் கழற்றினேன். கவர் போடவில்லை, காற்றில் அடித்து அடித்து பெயின்ட்டைத் தின்றுவிடும். எல்லாம் அப்பா சொல்லிக்கொடுத்தது.

திரும்பி நடக்கும்போது வாட்ச்மேன் அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டார்: "வண்டியெல்லாம் மேல ஏத்தியாச்சு. நாங்க ரெண்டு பேரும் எங்க சார் ஏறுறது?"

அவரும் சம்சாரமும் இருப்பது தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில். 2023-ல் அந்த அறையில் இடுப்பளவு தண்ணீர். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தார்களாம். நான் முதல் மாடி. எனக்கு அது தெரியாது. மீட்டிங்கில் பூந்தொட்டி ஞாபகம் வந்தது, லிஃப்ட் ஞாபகம் வந்தது. எங்கள் இருபது பேரில் ஒருத்தருக்கும் அந்த அறை ஞாபகம் வரவில்லை. நாற்பத்தாறு வயசு காருக்குச் செங்கல் தேடி அலைந்த எனக்கும்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பேசவில்லை. கீழே போய் அவர்கள் ஸ்டவ்வையும் அரிசி டப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே அண்ணனின் சம்சாரம், 'வேணாம்மா, வேணாம்மா' என்றபடி ஒரு டிரங்குப் பெட்டியோடு.

பதினைந்தாம் தேதி நல்ல மழை. பதினாறுக்கு ரெட் அலர்ட் என்றார்கள். மழை டிமிக்கி கொடுத்துவிட்டது. பதினேழு அதிகாலை அது சென்னைக்கு வடக்கே அடக்கமாகக் கரை ஏறியது. பாலத்தில் நின்ற கார்களுக்கு அபராதம் என்று ஒரு வதந்தி, போலீஸ் மறுத்தது. பத்மினியைப் பார்க்கப் போனோம். காக்கை எச்சம் தவிர வேறு சேதமில்லை. இறக்கத்தில் ஒரு தள்ளு, உடனே ஸ்டார்ட்!

நவம்பர் கடைசியில் மறுபடி புயல் எச்சரிக்கை, ஃபெஞ்சல். மீட்டிங்கில் லிஸ்டை இந்தத் தடவை நான் எழுதினேன். ஒன்று: வாட்ச்மேன் குடும்பம், முதல் மாடி, என் வீடு.

செக்ரெட்டரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "சார், இதுல வண்டி நம்பர் விட்டுப்போச்சே?"